பேப்பர் அறுத்த மத்தியானம்

எங்கள் பக்கம் சித்திரை மாதத்தில் கல்யாணமும் கல்மழையும் சேர்ந்தேதான் வரும். கல்யாணத்துக்கு ரோஜா வேண்டும். ரோஜா பூத்து நிற்கிற நேரம் பார்த்துத்தான் வானத்துக்கும் கல் எறியத் தோன்றும். தமிழில் ஆலங்கட்டி, கன்னடக்காரருக்கு ஆலிகல்லு, தெலுங்குக்காரருக்கு வடகள்ளு. பேரிகைச் சந்தையில் நின்றால் மூன்று பாஷையிலும் அதைத் திட்டுவதைக் கேட்கலாம். எந்தப் பாஷையில் திட்டினாலும் விழுகிற இடத்தில் ஓட்டைதான்.

பேரிகையிலிருந்து மாலூர் போகிற ரோட்டில் மூன்று கிலோமீட்டர் போய் இடது கைப்பக்கம் மண்பாதையில் இறங்கினால் திம்மராயன் நிலம். ராகியும் அவரையும் கொள்ளும் விளைந்த நிலம். அதில் அரை ஏக்கரில் அவர் மகன் மாதேஷ் பாலிஹவுஸ் போட்டு ரோஜா வைத்திருக்கிறான். இரும்பு பைப்பில் நாலு வளைவு. அதன்மேல் வெள்ளை பிளாஸ்டிக் போர்வை. பக்கங்களில் கைப்பிடியைச் சுற்றி ஏற்றி இறக்குகிற படுதா. மேலே போர்த்துகிற பிளாஸ்டிக்கை எங்கள் பக்கம் பேப்பர் என்பார்கள். பேப்பர் போனால் சட்டை போன மாதிரி, வேறு தைத்துக்கொள்ளலாம். பைப்பு போனால் எலும்பு போன மாதிரி, அதற்கப்புறம் ரோஜாவைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை.

மாதேஷ் சிப்காட்டில் ஒரு கம்பெனியில் மெஷின் ஆபரேட்டர். ஒரு வாரம் காலை ஷிப்ட், ஒரு வாரம் மத்தியான ஷிப்ட். மிச்ச நேரமெல்லாம் ரோஜா. பழைய பேப்பர் மங்கி நொறுங்கிப்போனதால் போன தை மாதம் புதுசு போட்டான். இரண்டு வருஷ ஓவர்டைம் அந்தப் பேப்பரில் இருந்தது. அதை இழுத்துக் கட்டியதில் ஒரு வாரம் அவன் உள்ளங்கை தோல் உரிந்து கிடந்தது. அதற்குப்பிறகு அந்தப் பேப்பர் மேல் ஒரு காக்கா உட்கார்ந்தாலும் அவனுக்குப் பொறுக்காது. காவேரி துணி காயப்போட்ட கயிறு காற்றில் ஆடி அதில் உரசியதற்கு இரண்டு நாள் அவளோடு பேசவில்லை என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

காவேரி அவன் பெண்டாட்டி. பாரூர் ஏரிப் பாசனத்தில் நெல்லும் கரும்பும் பார்த்து வளர்ந்தவள். கல்யாணத்துக்கு முன் மூன்று வருஷம் பாகலூர்ப் பக்கம் ஒரு பெரிய ரோஜா கம்பெனியில் பூ அறுக்கிற வேலைக்குப் போனாள். அந்த வீட்டில் ரோஜாவை மாதேஷுக்கு முன்னால் தெரிந்தவள் அவள்தான். அதை அவன் ஒத்துக்கொள்ளமாட்டான். அவளும் வற்புறுத்துவதில்லை.

முந்தின நாள் சாயங்காலம் மாதேஷ் அப்பாவிடம் படித்துப் படித்துச் சொன்னான்.

"யப்பா, நாளைக்கு காத்தும் மழையும் வருதுன்னு போன்ல போட்டுக்கினு இருக்கான். எனக்கு காலை ஷிப்டு. காத்து கெளம்புற மாதிரி இருந்தா மொதல்ல மேக்கால படுதாவ எறக்கிக் கட்டிடு."

"எறக்குனா உள்ள செடி வெந்து போவுமேடா."

"ஒரு மணி நேரம் வெந்தா ஒண்ணியும் ஆவாது. காத்து உள்ள பூந்துதுன்னா தான் ஆபத்து. இன்னா, காதுல வுழுதா?"

"வுழுது, வுழுது. பொறந்ததுலருந்து இந்தக் காத்துல தான்டா கெடக்கறேன். நீ போயி ஒம் மிஷின பாரு."

வினை அந்தப் பழக்கத்தில்தான் இருந்தது. திம்மராயன் பிறந்து வளர்ந்தது மஞ்சம்புல் கூரை வீட்டில். சூறைக்காற்று வந்தால் அவர் அப்பா முன்கதவையும் பின்கதவையும் திறந்து போடுவார். இந்த வாசலில் வந்த காற்று அந்த வாசலில் போய்விடும், கூரை தங்கும். கதவைச் சாத்தின பக்கத்து வீட்டுக் கூரை இரண்டு தடவை போனதை அவர் கண்ணால் பார்த்தவர். அறுபத்தெட்டு வயசில் ஒரு மனுஷனுக்குக் கண்ணால் பார்த்ததை விட மகன் சொன்னது பெரிதாகப்படுமா?

மறுநாள் பதினொரு மணிக்கே இலை அசையவில்லை. காலையில் அறுத்த பூவை காவேரியும் நாராயணம்மாவும் தகரக் கொட்டகையில் உட்கார்ந்து அளவு பார்த்துக் கட்டிக்கொண்டிருந்தார்கள். நாராயணம்மா பக்கத்து ஊர்க்காரி, வீட்டில் தெலுங்கு பேசுகிறவள். நாலு வருஷமாக இங்கே வேலைக்கு வருகிறாள். அவள் பேச்சில் எந்தப் பாஷை எங்கே முடிகிறது என்று அவளுக்கே தெரியாது.

"ஏமி காவேரி, இந்த புழுக்கம் மஞ்சிதி காது. நல்லதுக்கில்ல. எங்க ஊட்டு கோழி பத்து மணிக்கே கூடைக்குள்ள போயி உக்காந்துக்கிச்சி."

"அடைக்கு உக்காந்திருக்கும்க்கா."

"சேவலும் கூட உக்காந்திருக்குதே, அது இன்னாத்துக்கு?"

காவேரி சிரித்தாள். நாராயணம்மா சிரிக்கவில்லை. எழுந்துபோய் பாகலூர்ப் பக்கம் பார்த்தாள். மேற்கே வானம் அடிபட்ட தொடை மாதிரி கறுத்து நீலம் பாரித்துக் கிடந்தது.

ஒரு மணி சுமாருக்கு முதல் காற்று வந்தது. வாளியில் வைத்திருந்த பூக்கட்டுகள் சாய்ந்தன. மாமரத்துப் பிஞ்சுகள் தகரத்தின்மேல் டப்டப்பென்று விழுந்தன. நாராயணம்மா வேறெதுவும் யோசிக்காமல் கொட்டகை மூலையில் இருந்த கடப்பாரையைத் தூக்கி முற்றத்தில் போட்டாள். மண்வெட்டியைப் போட்டாள். ஆட்டுக்குத் தழை இழுக்கிற தொரட்டிக்கோலையும், நுனியில் அரிவாள் கட்டியிருக்கிறதே, அதுவும் இரும்புதானே என்று, கொண்டுபோய்ப் போட்டாள். வாசலில் இரும்பு கிடந்தால் இடி இறங்காது, கல் விழாது என்பது இந்தப் பக்கம் எல்லா வீட்டிலும் உண்டு.

காவேரி பாலிஹவுஸுக்கு ஓடினாள். உள்ளே கால் வைத்ததும் மேற்கே பார்த்தாள். மேற்குப் படுதா ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை சுருட்டி மேலே ஏற்றிக் கிடந்தது. காற்று அந்த வழியாக மொத்தமாக உள்ளே வந்துகொண்டிருந்தது. கிழக்கே திம்மராயன் அந்தப் பக்கத்துக் கைப்பிடியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தார்.

"மாமா! மேக்கால எதுக்குத் தூக்கி வுட்டீங்க?"

"காத்து வந்துட்டுப் போவட்டும்னுதாம்மா! இந்தக் கெழக்கால சனியன் மாட்டிக்கினு வர மாட்டங்குது! வா, நீயும் ஒரு கை புடி!"

"அதை வுடுங்க! மேக்கால எறக்கணும்!"

அவள் மேற்கே ஓடிக் கைப்பிடியைச் சுற்றினாள். காற்று எதிரே நின்று தள்ளுகிறபோது படுதா எப்படி இறங்கும்? அரைச்சாண் இறங்கி அங்கேயே அடித்துக்கொண்டது. உள்ளே வந்த காற்றுக்குப் போக வழியில்லை. தலைக்குமேல் பேப்பர் நாலு வளைவிலும் உப்பியது. பைப்புகள் முனகின. நடுவரிசையில் ஒரு கால் பைப்பு மண்ணை விட்டு விரல்கடை எழும்பி மறுபடி உட்கார்ந்ததை அவள் பார்த்தாள்.

போனை எடுத்து மாதேஷுக்குப் போட்டாள். சுவிட்ச் ஆஃப். கம்பெனியில் வேலை நேரத்தில் போன் லாக்கரில்தான் இருக்கும், அது அவளுக்கும் தெரியும். இரண்டரைக்கு ஷிப்ட் முடிந்தால்தான் கையில் வரும். அதுவரை இந்தக் காற்று காத்திருக்காது.

ரோஜா கம்பெனியில் வேலை செய்தபோது ஒரு வைகாசியில் இதே மாதிரி காற்று உள்ளே புகுந்தது. அங்கே சூப்பர்வைசர் இரண்டு பேச்சு பேசவில்லை. மூங்கிலில் கத்தியைக் கட்டிக்கொண்டு வரிசையாகப் பேப்பரை அறுத்துவிட்டார். காற்று மேலே போய்விட்டது, பைப்பு நின்றது. அன்றைக்கு அவளும் மற்றப் பெண்களும் வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆனால் அது கம்பெனிப் பேப்பர். கம்பெனி அறுத்தது. இது மாதேஷின் பேப்பர்.

அவள் முற்றத்துக்கு ஓடிவந்து தொரட்டிக்கோலை எடுத்தாள்.

"அய்யய்யோ, எடுக்காத பொண்ணு!" நாராயணம்மா கொட்டகைக்குள்ளிருந்து கத்தினாள். "போட்ட இரும்ப திரும்ப எடுத்தா கல்லு நிக்காது!"

"கடப்பாரை கெடக்குதில்லக்கா, அது போதும்!"

கோலோடு உள்ளே வந்து முதல் வளைவின் உச்சிக்குக் கீழே நின்றாள். ஒரு நிமிஷம், பேப்பர் போட்ட அன்று மாதேஷ் அதைத் தடவிப் பார்த்துக்கொண்டு நின்ற முகம் வந்தது. அதற்குள் திம்மராயன் ஓடிவந்து கோலைப் பிடித்துக்கொண்டார்.

"இன்னாம்மா பண்ணப் போற?"

"அறுக்கணும் மாமா. காத்து மேல போவணும்."

"பைத்தியம் புடிச்சிருக்குதா ஒனக்கு? புதுப் பேப்பரும்மா! பையன் ராப்பகலா ஒழச்சிப் போட்டது! கயித்தக் கொண்டாந்து இழுத்துக் கட்டலாம் வா!"

"எதுல கட்டறது? பைப்பே எழும்புது! அந்தக் காலப் பாருங்க மாமா!"

"எழும்பல, ஒண்ணும் எழும்பல, கோல வுடு!"

இரண்டு பேரும் ஒரு மூங்கிலை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இழுத்துக்கொண்டு நின்றார்கள். மருமகளும் மாமனாரும் ஒன்பது வருஷத்தில் தொட்டுக்கொள்கிற தூரத்தில் நின்று சண்டை போட்டதில்லை. அப்போது அடுத்த காற்று வந்தது. திம்மராயன் காலடியில் இருந்த பைப்பு, சிமெண்டுக் கட்டியோடு சேர்ந்து, முழுசாக ஒரு சாண் மேலே வந்தது. மண் பிளந்து அவர் பாதத்தின்மேல் சரிந்தது. கிழவர் குனிந்து பார்த்தார். கை தானாகக் கோலை விட்டது.

காவேரி கண்ணை மூடிக்கொண்டு அரிவாளைப் பேப்பரில் குத்தி இழுத்தாள். ஒரு முழம்தான் அவள் அறுத்தது. மிச்சத்தைக் காற்றே அறுத்துக்கொண்டு போனது. நிலமெல்லாம் அதிர்கிற மாதிரி ஒரு சத்தம். எழும்பிய பைப்பு தொப்பென்று உட்கார்ந்தது. இரண்டாவது வளைவு. மூன்றாவது. நாலாவதை அறுக்கும்போது அவள் அழவில்லை, நடுங்கவில்லை, பல்லைக் கடித்துக்கொண்டு பூ அறுக்கிற வேகத்தில் அறுத்தாள்.

அறுத்து முடித்ததும்தான் கல் விழ ஆரம்பித்தது.

முதலில் புளியங்கொட்டை அளவு. பிறகு நெல்லிக்காய் அளவு. இரண்டு பேரும் தலையில் பூ அறுக்கிற வாளியைக் கவிழ்த்துக்கொண்டு கொட்டகைக்கு ஓடிவந்தார்கள். தகரத்தின்மேல் விழுந்த சத்தத்தில் பக்கத்தில் இருப்பவர் பேசுவது கேட்கவில்லை. அது ஒருவகையில் நல்லதாய்ப் போயிற்று, ஏனென்றால் திம்மராயன் பேசிக்கொண்டே இருந்தார். வாய் அசைவதுதான் தெரிந்தது. நாராயணம்மா காவேரியின் முந்தானையை இழுத்து, தலையில் கல் பட்ட இடத்தைத் தடவிக்கொடுத்தாள்.

கால் மணி நேரம் அடித்து ஓய்ந்தது. அடங்கியதும் கிழவர் பேச்சு கேட்கத் தொடங்கியது.

"...பேப்பரு இருந்திருந்தா இந்தக் கல்லு செடி மேல வுழுந்திருக்குமா? சொல்லு நாராயணம்மா. பேப்பரு இருந்திருந்தா மொக்குக்கு ஏதாவது ஆயிருக்குமா? கத்தி வெச்சுட்டா. வரட்டும், அவன் வந்து கேட்டா நீயே பதில் சொல்லிக்கம்மா. எனக்கு ஒண்ணும் தெரியாது."

"சொல்லிக்கறேன் மாமா" என்றாள் காவேரி.

வேறென்ன சொல்லுவாள்? படுதாவைத் தூக்கியது யார் என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. கேட்டால் ஜெயித்துவிடலாம் என்று தெரிந்ததாலேயே கேட்கவில்லையோ என்னவோ. அவளுக்கு அப்போது ஜெயிப்பதில் மனசு இல்லை, மாதேஷ் முகத்தை எப்படிப் பார்ப்பது என்பதில் இருந்தது.

நாராயணம்மாதான் சமாதானத்துக்கு வந்தாள். "போனீலே அண்ணா, வுடு. அந்தக் கடப்பாரை கெடந்ததால தான் கால் மணி நேரத்துல நின்னுச்சி. தொரட்டியும் கெடந்திருந்தா கல்லே வந்திருக்காது. இன்னா பண்றது, எடுத்துட்டா." அவள் ஆறுதல் அப்படித்தான் இருக்கும்.

பாலிஹவுஸ் உள்ளே பாத்திகளில் ஐஸ் வெள்ளையாய்க் குவிந்து கிடந்தது. நாளைக்கு அறுக்க வேண்டிய மொக்கு ஒன்றுகூட இல்லை. சிவப்பு இதழும் பச்சை இலையும் ஐஸில் கலந்து மிதித்த மாதிரி கிடந்தன. தலைக்குமேல் பேப்பர் நாலு கீறலாய்த் தொங்கிக்கொண்டிருந்தது. காவேரி முதல் வரிசைச் செடி முன் குத்துக்காலிட்டு உட்கார்ந்து அடித்தண்டை நகத்தால் கீறிப் பார்த்தாள். பச்சை. அடுத்த செடி. பச்சை. மேல் குச்சிகள் முறிந்து தோல் உரிந்திருந்தன. அடிக்கட்டை உயிரோடு இருந்தது.

"அக்கா, ஐஸ தள்ளணும். வேர்ல நின்னா கருகிடும். மம்முட்டி கொண்டா, நீ அந்தக் கோடி, நா இந்தக் கோடி."

இரண்டு பேரும் ஐஸைத் தள்ளி வாய்க்காலில் ஓடவிட்டார்கள். விரல் மரத்துப்போனது. அப்போதுதான் தெற்கேயிருந்து கூச்சல் கேட்டது.

தெற்கே இரண்டு நிலம் தள்ளி ஸ்ரீராம் என்பவருடைய பாலிஹவுஸ், இதைவிட இரண்டு மடங்கு பெரியது. அது இருந்த இடத்தில் இப்போது ஆகாசம் தெரிந்தது. பேப்பரோடு பைப்பும் கூட எழும்பி, மடங்கி, பக்கத்து மாந்தோப்பின்மேல் போய்க் கவிழ்ந்து கிடந்தது. திம்மராயன் செருப்புக்கூடப் போடாமல் அந்தப் பக்கம் நடந்தார். காவேரி வேலையை விட்டுவிட்டுப் போகவில்லை, நாராயணம்மாவை அனுப்பினாள்.

அரைமணியில் நாராயணம்மா மட்டும் திரும்பி வந்தாள்.

"பேப்பரு தூக்குதுன்னு நம்ம தமிழரசன் மேல ஏறிட்டானாம்மா. ஸ்ரீராமு தம்பி. கயிறு கட்டறதுக்கு. ஏறுனவன பைப்போட சேத்து தூக்கி தோப்புல போட்டுடுச்சி. தொடை எலும்பு போச்சி. உசுரு இருக்குது, தேவுடு புண்ணியம், பேசறான். ரோட்டுல மரம் வுழுந்து கெடக்குது, வண்டி வரல. கட்டுல்ல போட்டு தூக்கிக்கினு மரத்தத் தாண்டி மெயின் ரோட்டுக்குப் போறாங்க."

"மாமா?"

"அங்க நின்னுக்கினு அந்த மடங்குன பைப்பையே பாத்துக்கினு இருக்காரு. கூப்டா திரும்பல."

திம்மராயன் வரும்போது மணி நாலு. கை கால் கழுவாமல் கொட்டகை வாசலில் உட்கார்ந்தார். தங்கள் பாலிஹவுஸ் பைப்புகளைப் பார்த்தார். ஒவ்வொன்றும் நட்டது நட்ட இடத்தில் நின்றது. அந்த ஒரு கால் மட்டும் கொஞ்சம் சாய்ந்திருந்தது.

"களி இருக்குதாம்மா?" என்றார்.

"இருக்குது மாமா. ஆறிப்போச்சி. அவரைக்கொட்டைக் கொழம்ப சூடு பண்ணித் தரட்டுமா?"

"வோணாம். அப்படியே குடு." உருண்டையைக் கையில் வாங்கிக்கொண்டார். வாய்க்குக் கொண்டுபோகவில்லை. "நீ துன்னியா?"

"அவரு வரட்டும்."

"அவன் போனு?"

"டவர் இல்ல மாமா. காத்துல போயிடுச்சி போல."

கிழவர் களியைப் பிட்டு வாயில் போட்டார். இரண்டு வாய்க்குமேல் இறங்கவில்லை. காவேரிக்கு அவர்மேல் இருந்த கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. பாவமாக இருந்தது. கூடவே தன்மேலும் பாவமாக இருந்தது. பைப்பு நின்றது சரி. ஸ்ரீராம் பைப்பு போனது, நம்முடையது நின்றது. ஆனால் அறுக்காமலிருந்தால் இது நின்றிருக்காது என்று யார் சாட்சி சொல்வது? நடக்காததற்கு ஏது சாட்சி? வருகிறவன் கண்ணில் முதலில் படப்போவது நாலு கீறல்தான்.

ஐந்தரைக்கு மண்பாதையில் பைக் சத்தம் கேட்டது. காவேரி எழுந்தாள். அவளுக்கு முன்னால் திம்மராயன் எழுந்து வேகமாக நடந்து, பைக் நிற்கும் முன்னே போய் மகனை மறித்துக்கொண்டார்.

"மாதேசு, நா சொல்றத மொதல்ல கேளு. பேப்பர அறுத்தது நான்தான். அந்தப் பொண்ணு மேல பாயாத. நா தொரட்டிய எடுத்து நாலு வளைவும் அறுத்துட்டேன். கேக்கறதா இருந்தா என்னக் கேளு."

காவேரிக்கு நன்றி வந்திருக்க வேண்டும். வந்தது கோபம்.

"மாமா அறுக்கல. நான்தான் அறுத்தேன்."

"நீ சும்மா இரும்மா."

"எதுக்கு சும்மா இருக்கணும்? நாலையும் நான்தான் அறுத்தேன். மாமா வோணாம்னு கோல புடிச்சி இழுத்தாரு."

"சரிடா, அவ அறுத்தா!" கிழவர் மேற்குப் பக்கம் கை காட்டினார். "அவள அறுக்க வெச்சது நான். மேக்கால படுதாவ தூக்கி வுட்டேன்டா. நீ எறக்கச் சொன்ன, நா தூக்கி வுட்டேன். எங்கப்பன் செஞ்ச மாதிரியே செஞ்சேன். காத்து வந்துட்டுப் போவும்னு நெனச்சேன்."

மாதேஷ் இரண்டு பேரையும் பார்க்கவில்லை. பைக்கை ஸ்டாண்டு போடாமல் மாமரத்தில் சாய்த்துவிட்டு பாலிஹவுஸுக்குள் போனான். கம்பெனி யூனிபார்ம் சட்டையில் ஒரு பக்கமெல்லாம் சேறு, தோள்பட்டையில் காய்ந்த ரத்தம். ஒவ்வொரு பைப்பாகக் கையை வைத்துக்கொண்டே போனான். முதல் வரிசை. நடுவரிசை. சாய்ந்த கால் பக்கத்தில் உட்கார்ந்து, பிளந்த மண்ணுக்குள் விரலை விட்டு ஆழம் பார்த்தான். எழுந்து மேலே பேப்பரைப் பார்த்தான். பிறகு ஒரு செடியின் அடித்தண்டைக் கீறிப் பார்த்தான்.

"பச்சையாத்தான் இருக்குதுங்க" என்றாள் காவேரி பின்னாலிருந்து. "எல்லா வரிசையும் பாத்துட்டேன். நாளைக்கு மேல் குச்சியெல்லாம் வெட்டிட்டு மருந்து அடிச்சிட்டா, ஒண்ணரை மாசத்துல திரும்ப மொக்கு வந்துடும். பேப்பரு... கீறல் நேராத்தான் இருக்குது. டேப்பு போட்டு ஒட்டிப் பாக்கலாம். ஆவாதுன்னா..."

மாதேஷ் திரும்பினான். கீழே பாத்தி வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டான்.

"தமிழரசன ரோட்டுலருந்து நாங்கதான் தூக்கி வண்டியில ஏத்துனோம்" என்றான். "கம்பெனி பஸ்ஸ வுட்டு பாகலூர்ல எறங்கி பைக்க எடுத்துக்கினு வரேன், வழியெல்லாம் மரம். சுத்திக்கினு வந்தா, கட்டுல்ல போட்டு தூக்கிக்கினு வராங்க. தல மாட்டுல நா ஒரு கை புடிச்சேன். வண்டி கெளம்புற வரைக்கும் என் கையத்தான் புடிச்சிக்கினு இருந்தான். 'அறுத்து வுட்டிருந்தா காத்து போயிருக்கும்ணா, மனசு வரல, புதுப் பேப்பரு'ன்னான். அதையே சொல்லிக்கினு இருந்தான்."

அறுந்த பேப்பர் ஒன்று மேலே மெதுவாகப் படபடத்தது.

"அவன் நல்லா ஆயிடுவான். டாக்டரு கம்பி வெச்சா நடந்துடுவான்னு வண்டியில வந்தவங்க சொன்னாங்க." மாதேஷ் முகத்தைத் துடைத்துக்கொண்டான். சேறுதான் பரவியது. "இன்னிக்கு நா லீவு போட்டிருக்கணும்னு வழியெல்லாம் என்னையே திட்டிக்கினு வந்தேன் காவேரி. இப்பத்தான் தெரியுது. நா ஊட்டுல இருந்திருந்தா அறுத்திருக்க மாட்டேன். ஒன்னையும் அறுக்க வுட்டிருக்க மாட்டேன். கயித்த எடுத்துக்கினு மேல ஏறியிருப்பேன்."

காவேரி அவன் பின்னால் போய் நின்றாள். காற்றடித்தபோது வராத நடுக்கம், கல் விழுந்தபோது வராத அழுகை, மத்தியானத்திலிருந்து எங்கேயோ நின்றிருந்ததெல்லாம் ஒன்றாக வந்தது. குனிந்து அவன் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள்.

"ஏறியிருப்பியா?" இன்னொன்று. "ஏறியிருப்பியா நீ? பிளாஸ்டிக்குக்காக ஏறியிருப்பியா?"

கல்யாணமாகி ஒன்பது வருஷத்தில் அவனை அவள் நீ என்று சொன்னதில்லை. மாதேஷ் தலையைக் குனிந்துகொண்டு அத்தனையையும் வாங்கிக்கொண்டான். அவன் தோள் குலுங்கியது. அழுகிறானா சிரிக்கிறானா என்று பின்னாலிருந்து தெரியவில்லை.

நாராயணம்மா வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள். திம்மராயன் திரும்பவில்லை. ஈரக்கண்ணோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தவர், மருமகள் மூச்சு வாங்க நிறுத்தியதும் சொன்னார்.

"எம் பங்குக்கும் ரெண்டு அவனுக்கே வைம்மா. என்னத்தான் நீ அடிக்க முடியாது."

காவேரி அழுதுகொண்டே சிரித்துவிட்டாள். சிரித்துக்கொண்டே இரண்டு வைத்தாள்.